முதலாண்டு கணினி வகுப்பில் அறவியல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் முதல் புரோகிராமிங் பாடம் எடுப்பவர்களிடம் கணினி அறவியல் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு நாலு வரி போதுமாயிருந்தது. நடந்த சம்பவங்களோடு என் சொந்த அபிப்பிராயமும் கலந்தே இருக்கும்.

ஃபார் லூப்பே (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) பிடிபடாத பிள்ளைகளுக்கு அறவியல் எதற்கு? கடைசி வருடத்தில் சொல்லிக்கொள்ளலாமே?

சொல்லலாம். ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். "இன்புட் இது, அவுட்புட் இது, டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகிவிட்டால் வேலை முடிந்தது" என்று வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்போம். மாணவர்கள் நேர்முகத் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் திடீரென்று "இந்த புரோகிராமால் யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால், வேலைக்கு ஆகாத ஒரு கூடுதல் சுமையாகத்தான் அது தெரியும். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. அப்படிப் பழக்கியது நாம்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் புரோகிராமர் ஆவதில்லை. வேறு துறை மாணவர்கள் பலர் இந்த ஒரு பாடத்தோடு கணினியை விட்டுவிடுவார்கள். பிறகு அவர்களில் சிலர்தான் அலுவலகங்களில் மென்பொருளை வாங்கும் முடிவை எடுக்கப்போகிறவர்கள், அது கக்கும் பட்டியலுக்குக் கீழே கையெழுத்துப் போடப்போகிறவர்கள். அவர்கள் நம் கைக்குக் கிடைப்பது இந்த ஒரு செமஸ்டர் மட்டும்.

கணினி அறவியல் என்றால் "ஹேக் செய்யாதே, காப்பி அடிக்காதே" என்பதுதானே?

அது விதிமுறை. கல்லூரிக் கையேட்டில் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

துறையாகப் பார்த்தால் இதற்கு நல்ல வயதாகிறது. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1950-லேயே தானியங்கி இயந்திரங்கள் மனிதர்களின் வேலையையும் வாழ்வையும் என்ன செய்யும் என்று எழுதினார். 1970-களின் நடுவில் வால்டர் மேனர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மருத்துவ அறவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கணினி உள்ளே நுழைந்ததும் பழைய சிக்கல்கள் புது வடிவம் எடுப்பதைக் கவனித்து, இதற்குக் கணினி அறவியல் என்று பெயர் வைத்தார். 1985-ல் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் மூர் சொன்ன விளக்கம்தான் வகுப்பில் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. கணினி வந்ததால், முன்பு செய்யவே முடியாத காரியங்கள் செய்ய முடிகிறவையாக மாறுகின்றன. அவற்றைச் செய்யலாமா, எப்படிச் செய்யலாம் என்பதற்கு விதி எதுவும் இருக்காது. அந்த வெற்றிடத்தில் என்ன செய்வது என்று யோசிப்பதே கணினி அறவியல்.

மாணவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்வேன்: "உன் புரோகிராமைப் பார்த்தே இராத ஒருவர் அதனால் பாதிக்கப்படலாம். அவர் யார் என்று கண்டுபிடி."

தனிப் பாடமாக வைப்பது நல்லதா, இருக்கிற பாடத்துக்குள் கலப்பது நல்லதா?

இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் கலப்பதற்கே என் ஓட்டு.

தனிப் பாடத்தில் ஆழம் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் "அறவியல் அந்த வகுப்பில், கோட் இந்த வகுப்பில்" என்று மாணவர் மனதில் ஒரு சுவர் எழும்பிவிடும். ஹார்வர்டில் 2017-ல் கணினி அறிவியல் பேராசிரியர் பார்பரா கிராஸும் தத்துவப் பேராசிரியர் அலிசன் சிம்மன்ஸும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இந்தச் சுவரைத்தான் குறிவைத்தது. ஏற்கெனவே இருக்கும் கணினிப் பாடங்களுக்குள், அந்தந்தப் பாடத்தின் தலைப்போடு ஒட்டிய அறவியல் வகுப்புகளைத் தத்துவத் துறையினர் வந்து நடத்தினார்கள். தத்துவத் துறையே இல்லாத கல்லூரியிலும் அந்த யோசனையின் பாதியை எடுத்துக்கொள்ள முடியும்.

மாதிரிப் பாடத்திட்டங்களும் இதைத் தள்ளிவைக்கவில்லை. ஏசிஎம், ஐட்ரிபிள்ஈ என்ற கணினி, பொறியியல் துறையினரின் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 1991-ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே சமூக, அறவியல் விஷயங்களுக்கு இடம் இருந்தது. 2013, 2023 பதிப்புகளில் அதற்குத் தனிப் பகுதியே உண்டு. ஆக, "சிலபஸில் இல்லை" என்பது காரணம் ஆகாது. இருந்தும், கடைசி யூனிட்டின் கடைசித் தலைப்பாகப் போட்டுவைத்து, நேரம் போதவில்லை என்று விட்டுவிடுகிறோம்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? போர்ஷனே முடியமாட்டேன் என்கிறது.

கூடுதல் வகுப்பு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுக்கும் லேப் பயிற்சியின் கதையை மாற்றினால் போதும். "பத்து எண்களின் சராசரி காண்க" என்ற கணக்கை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். அந்தப் பத்து எண்கள் யாருடையவை, சராசரியை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிட்டால் அறவியல் வகுப்பு தொடங்கிவிட்டது. லேப் முடிவில் பத்து நிமிடம் பேச ஒதுக்குங்கள். ஒரு செமஸ்டரில் இப்படி நான்கு பயிற்சி செய்தாலே நிறைய. வாரம் ஒன்று என்று திட்டம் போட்டால் மூன்றாவது வாரமே உங்களுக்கும் அலுத்துவிடும், அவர்களுக்கும் அலுத்துவிடும்.

ஒரு பயிற்சியை முழுசாகக் காட்ட முடியுமா?

சராசரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பல எண்களை ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் அர்ரே சொல்லிக்கொடுக்கும் வாரத்துக்குப் பொருந்தும்.

முதல் பகுதி: வருடத்தில் 26 இருவாரங்கள். ஒவ்வொரு இருவாரத்திலும் ஒருவர் சம்பாதித்த தொகையை அர்ரேயில் வாங்கி, மொத்தமும் சராசரியும் காட்ட வேண்டும். எல்லோரும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் பகுதி: இரண்டு பேருடைய தரவு தருகிறோம். முதலாமவர் 26 இருவாரங்களிலும் தலா 1,000 டாலர் சம்பாதித்தார். இரண்டாமவர் முதல் 13 இருவாரங்களில் தலா 2,000 டாலர் சம்பாதித்தார். பிறகு வேலை போய்விட்டது, மீதி 13-லும் பூஜ்யம். இருவருக்கும் மொத்தம் 26,000, சராசரி 1,000.

மூன்றாம் பகுதி: ஓர் இருவாரத்தில் வருமானம் 500 டாலருக்கு மேல் இருந்தால் அந்த இருவாரத்துக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை கிடையாது. இப்போது அர்ரேயை மறைத்துவிட்டு, வருட மொத்தத்தை மட்டும் கொடுத்து, யார் எந்த இருவாரத்தில் தகுதியற்றவர் என்று சொல்லும் புரோகிராமை எழுதச் சொல்கிறோம். மாணவர்கள் என்ன செய்வார்கள்? மொத்தத்தை 26-ஆல் வகுப்பார்கள். வேறு வழியில்லையே. இரண்டாமவர் 26 இருவாரமும் தகுதியற்றவர் என்று புரோகிராம் அச்சடிக்கும். அவர் உண்மையிலேயே ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத 13 இருவாரங்களில் வாங்கிய உதவித்தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்லும்.

"எந்த வரியில் பிழை?" என்று கேளுங்கள். இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். சிலர் வகுத்தலில் டெசிமல் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். சிலர் டேட்டா தப்பு என்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டேட்டாவும் சரிதானே சார், மொத்தம் 26,000 உண்மைதானே?" அதற்காகத்தான் காத்திருந்தோம். எந்த வரியும் பிழையில்லை. கையிலுள்ள தரவால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்த கதையைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டம் அது. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை வாங்கியவர்கள் தாங்களே அறிவித்திருந்த தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடன் என்று கணக்கிட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடிதம் வாங்கியவர் தலையில்தான். பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடித் திரிந்தார்கள். 2021-ல் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றபோது பதிவான கணக்கு: ஏறத்தாழ 4,33,000 பேர்மீது சுமார் 173 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் சட்டத்துக்குப் புறம்பாகச் சுமத்தப்பட்டிருந்தது. 2023-ல் இதை விசாரித்த அரச ஆணையம் இது நியாயமுமில்லை, சட்டப்படியும் செல்லாது என்று அறிக்கை கொடுத்தது.

ஐந்து நிமிடத்துக்கு முன் தாங்களே எழுதிய வகுத்தல் அது என்று தெரிந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடனே பேசிக் கெடுக்காதீர்கள்.

இதே மாதிரி வேறு பயிற்சிகள்?

சி மொழி சொல்லிக்கொடுப்பவர்களுக்கு டேட்டா டைப் வாரத்தில் தெராக்-25 கிடைக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது; சிலர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாடல்களில் ஆபத்தைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. இதில் அவற்றை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள்.

அந்த மென்பொருளில் இருந்த பிழைகளில் ஒன்று முதலாண்டு மாணவருக்கே புரியும். ஒரு சோதனை செய்ய வேண்டுமா வேண்டாமா என்று காட்ட ஒரு வேரியபிள் வைத்திருந்தார்கள். பூஜ்யம் என்றால் சோதனை வேண்டாம், வேறு எந்த எண் என்றாலும் வேண்டும். அதில் 1 என்று எழுதிவைக்காமல், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அது ஒரு பைட் வேரியபிள், 255 வரைதான் அதில் அடங்கும். 255-க்கு அப்புறம் என்ன வரும்? மாணவர்களையே அன்சைன்ட் கேர் என்ற ஒரு பைட் டைப்பை வைத்து எழுதி ஓட்டச் சொல்லுங்கள். 256-ஆவது சுற்றில் திரையில் பூஜ்யம் வந்து நிற்கும். அந்தச் சுற்றில் சோதனை நடக்காது. அந்த நொடியில் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. 1987 ஜனவரி விபத்துக்கு இதுதான் வழி விட்டது.

பல மாதங்களுக்கு முன்பே வேறு மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் வந்திருந்தன என்பதையும், அளவு மீற வாய்ப்பே இல்லை என்று உற்பத்தியாளர் தரப்பு நம்பியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "டைப்பை மாற்றினால் சரியாகிவிடும்" என்று மாணவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள்.

சின்னப் பயிற்சி ஒன்று: ஸ்ட்ரிங் வாரத்தில் பதிவுப் படிவம் எழுதச் சொல்வோம் இல்லையா, அதில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று போட்டுவிடுங்கள். குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இல்லாதவர்கள் உலகில் ஏராளம். அவர்கள் அங்கே என்ன எழுதுவார்கள்? புள்ளி வைப்பார்களா, பெயரையே இரண்டு முறை எழுதுவார்களா? பிறகு வேறொரு ஆவணத்தோடு பெயர் ஒத்துப்போகாமல் யார் அலைவது? இத்தனைக்கும் காரணம் ஒரே ஓர் இஃப் கண்டிஷன்தான் ("இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற நிபந்தனை).

சராசரியைப் பற்றி இவ்வளவு சொன்னீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்துமா?

நேராகவே பொருந்தும். 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மொத்தத் துல்லியம் என்று ஒற்றை எண்ணைப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. முதலாண்டு மாணவரிடம் மெஷின் லேர்னிங் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பட்டியலைக் கொடுத்து, மொத்தப் பிழை எவ்வளவு, பிரிவுவாரியாக எவ்வளவு என்று எண்ணச் சொன்னால் போதும். லூப்புக்குள் இஃப், அவ்வளவே.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. கான்ட், பயன்வாதம் போன்ற அறவியல் கோட்பாடெல்லாம் தெரியாமல் எப்படி எடுப்பது?

தெரிந்தால் நல்லது, தெரியாததால் வகுப்பு நின்றுவிடாது. உங்களிடம் இருப்பது தத்துவ ஆசிரியரிடம் இல்லாத ஒன்று: எந்த வரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். விவாதத்தில் சிக்கிக்கொண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது தப்பாகப் போனால் யாருக்கு வலிக்கும்? அவருக்குத் தப்பு நடந்தது என்று எப்படித் தெரியவரும்? தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்? இரண்டாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். மாணவர்கள் முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார்கள், இரண்டாவதில் தடுமாறுவார்கள்.

மோதலைத் தவிர்க்கவே முடியாதபோது தானோட்டிக் கார் யாரை இடிப்பது என்ற புகழ்பெற்ற புதிர்?

ஒரு மணி நேரம் நன்றாகக் கைதட்டல் வாங்கும். அடுத்த நாள் லேபில் யாருக்கும் அதனால் ஒரு வரியும் மாறாது. நான் விட்டுவிட்டேன்.

இதற்கு மார்க் எப்படிப் போடுவது? சரியான விடை என்று ஒன்று இல்லையே?

ஒரே சரியான விடை இல்லாததால் தவறான விடையே கிடையாது என்று ஆகிவிடாது. "இந்த புரோகிராமால் யாருக்கும் பாதிப்பில்லை" என்று எழுதினால் அது தவறு. பாதிக்கப்படுபவரைக் குறிப்பாகச் சொன்னாரா, கோடில் எந்த இடம் காரணம் என்று காட்டினாரா, மாற்று வழி ஒன்றைச் சொல்லி அதனால் என்ன இழப்பு என்றும் ஒப்புக்கொண்டாரா? இந்த மூன்றுக்குத்தான் மார்க். மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மார்க் கிடையாது, இதை வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மார்க் போடாமல் விட்டால்? படிக்கமாட்டார்கள். இன்டர்னலில் கொஞ்சமாவது இருக்க வேண்டும். வைவாவில் ஒரு கேள்வி கேட்பது இன்னும் நல்ல வழி. எழுதிக் கொடுத்ததை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம், எதிரில் நிற்கும்போது அது ஓடாது.

மாணவர்கள் நல்லபிள்ளை மாதிரி எழுதித் தருகிறார்கள். "தொழில்நுட்பத்தைப் பொறுப்புடன் பயன்படுத்த வேண்டும்" என்று பக்கம் பக்கமாக.

கேள்வி அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். "தனியுரிமையின் முக்கியத்துவத்தை விவரி" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். "உன் போன அசைன்மென்ட்டில் பயனரின் பிறந்த தேதியை வாங்கினாயே, அது எந்த வரியில் பயன்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எங்குமே பயன்பட்டிருக்காது. சும்மா வாங்கி வைத்திருப்பார்கள். ஏன் வாங்கினாய் என்றால், "எல்லாப் படிவத்திலும் இருக்குமே" என்பார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அந்தப் பிறந்த தேதி எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் மக்கள்தொகையில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிடலாம் என்று லதான்யா ஸ்வீனி கணக்கிட்டார். பெயரே வேண்டாம். ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் 2006-ல் ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளைப் பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். தன் ஊர், தன் குடும்பப்பெயர் கொண்டவர்கள், தன் நோவுகள் என்று அவர் தேடியவையே அவரைக் காட்டிக்கொடுத்தன.

"நான் வெறும் கோட் எழுதுபவன், முடிவெடுப்பது மேலிடம்" என்று மாணவர் சொன்னால்?

அதில் உண்மையும் இருக்கிறது, முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு எவ்வளவு குரல் இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஃபோக்ஸ்வேகன் கதையைச் சொல்லுங்கள். புகைச் சோதனை நடக்கிறதா என்று காரே கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2015-ல் குட்டு வெளிவந்தது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். ஸ்டியரிங் அசைகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் சோதனையா சாலையா என்று அது முடிவு செய்தது. அதையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017-ல் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவருக்கு 40 மாதச் சிறை கிடைத்தது. மேலிடம் சொன்னது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்வதில்லை. வேலையில் அப்படி ஒரு நாள் வந்தால் என்ன வாக்கியம் பேசலாம் என்று ஒத்திகை பார்ப்பது முக்கியம். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் டீம் லீட், ஒருவர் புதியவர் என்று நடிக்கவிடுங்கள். "முடியாது" என்று வீரவசனம் பேசுபவரை விட, "இதை மெயிலில் எழுதித் தருகிறீர்களா?" என்று மெதுவாகக் கேட்பவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். ஏசிஎம்மின் அறவியல் கோட்பாடு, கடைசியாக 2018-ல் திருத்தப்பட்டது, ஆபத்துக்கான அறிகுறியைக் கண்டால் அதைத் தெரிவிப்பது கணினித் துறையினரின் கடமை என்கிறது. அதை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். இந்த நாடகம் முடிந்ததும் அந்தப் பத்தியை ஒருமுறை வாசித்தால் போதும்.

துறுதுறுவென்று எதையாவது நோண்டிப் பார்க்கும் மாணவரை எப்படிக் கையாள்வது?

அடக்காதீர்கள். 1988 நவம்பர் 2 அன்று இரவு நடந்ததைச் சொல்லுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புழு மென்பொருளை இணையத்தில் விட்டார். எதையும் அழிக்கும் வேலை அதற்குள் இல்லை. ஏற்கெனவே தன் பிரதி ஓடும் கணினியில் மீண்டும் தங்காதபடி ஒரு சோதனையும் வைத்திருந்தார். ஆனால் யாராவது பொய்யாக "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி எழுதினார். ஏழில் ஒன்று என்பது மிக அதிகம் என்று ஆயிற்று. ஒரே கணினியில் பிரதிகள் குவிந்து, ஆயிரக்கணக்கான கணினிகள் மூச்சுவிட முடியாமல் படுத்துவிட்டன. அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, பத்தாயிரம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டன.

அவர் பின்னாளில் எம்ஐடியில் பேராசிரியரானார் என்பதையும் சொல்லிவிடுங்கள். நோண்டும் பிள்ளைகளுக்கு அதுவும் தெரிய வேண்டும். லேபில் நோண்டுவதற்கென்றே வெளியுலகத் தொடர்பில்லாத ஒரு கணினியை ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

காப்பி, ஏஐ சாட்பாட் விஷயத்தில் என்ன நிலைப்பாடு எடுப்பது?

கோட்களின் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மாஸ் போன்ற கருவிகள் 1990-களிலிருந்தே இருக்கின்றன. வேரியபிள் பெயரை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களை அது பிடித்துவிடும். ஆனால் 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆட்டம் மாறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கோட் எழுதித் தரும் கருவியை ஒற்றுமை பார்த்துப் பிடிக்க முடியாது. பிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் குற்றமில்லாதவரையும் மாட்டிவிடுகின்றன. அதை வைத்து ஒரு மாணவரைத் தண்டிப்பது, மேலே சொன்ன ரோபோடெட்டை நம் வகுப்பிலேயே நடத்திக்காட்டுவது போலத்தான்.

என் விதி எளிமையானது. பயன்படுத்தினால் எங்கே பயன்படுத்தினாய் என்று கோடின் தலையில் எழுது. எந்த வரியைக் கேட்டாலும் விளக்கத் தயாராக இரு. விளக்க முடியாவிட்டால் அந்தப் பகுதிக்கு மார்க் இல்லை, விசாரணையும் இல்லை. முதல் ஆறு வாரம் மட்டும் கருவியே வேண்டாம் என்கிறேன். அது அறவியல் இல்லை, பயிற்சி. மிதிவண்டிக்கு முதலில் மோட்டார் பொருத்தினால் சமநிலை வராது.

இந்தச் சம்பவங்கள் மாணவர்கள் பிறப்பதற்கு முன் நடந்தவை. ஒட்டுமா?

தெராக் ஒட்டுகிறது, நம்புங்கள். அந்த 256 காரணமாக. அவர்கள் வயதுக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் 2020-ல் இங்கிலாந்தில் நடந்த ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு விவகாரம். பெருந்தொற்றால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளை, அந்தப் பள்ளியின் முந்தைய வருட முடிவுகளோடு ஒத்துப்போகும்படி ஓர் அல்காரிதம் திருத்தியது. ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கப்பட்டன. நன்றாகப் படித்தவர், சுமாரான பள்ளியில் படித்த ஒரே காரணத்தால் கீழே இறங்கினார். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஆகஸ்ட் 13-ல் வந்த முடிவு 17-ஆம் தேதியே கைவிடப்பட்டது. "உன் சீனியர்கள் வாங்கிய மார்க்கை வைத்து உனக்கு மார்க் போட்டால்?" என்று கேட்டால் தூங்குபவரும் எழுந்துவிடுவார்.

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சலகங்களின் ஹொரைசன் மென்பொருள். அது காட்டிய கணக்குக் குறைவை நம்பி 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வந்தது 2024-ல்தான்.

வகுப்பு அரசியல் விவாதமாகிவிடாதா?

சில நாள் ஆகும். கோடுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். "சரி, உன் கருத்துப்படியே வைத்துக்கொள்வோம், இந்த இஃப் கண்டிஷனை எப்படி எழுதுவாய்?" என்று கேட்டால், கூச்சலாக இருந்தது கணக்காக மாறிவிடும். சில சமயம் கருத்தே மாறிவிடுவதும் உண்டு.

நாளைக்கே தொடங்க ஆசை. எதை முதலில் செய்வது?

போன செமஸ்டரில் நீங்கள் கொடுத்த அசைன்மென்ட்களில் மனிதர்களைப் பற்றிய தரவு வரும் ஒன்றை எடுங்கள். மாணவர் மதிப்பெண் பட்டியல், நூலக அபராதம், வங்கிக் கணக்கு, ஏதோ ஒன்று இருக்கும். நூலக அபராதக் கணக்கு என்றால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில் நூலகம் மூடியிருந்தால் என்ன ஆகும் என்ற டெஸ்ட் கேஸைச் சேருங்கள். அசைன்மென்ட் தாளில் அதைச் சொல்லாதீர்கள். வைவாவில் கேளுங்கள்.